ஒரு பாகம் கம்பளி

ஆடி. பத்து மணிக்கே வெயில் முற்றத்தில் ஏறி நிற்கிறது.

மடியில் கம்பளி.

*

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம். கிரீஸ், இரும்பு, எந்தக் கடலோ.

மாமா கப்பலுக்குப் போன காலத்துக் கம்பளி. சாம்பல் நிறம். இரண்டு தலைப்பிலும் நீலக் கோடு. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. இதை யாரும் எடுத்துப் போர்த்தியதில்லை. இந்த ஊரில் எதற்கு.

*

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறேன். பூச்சி அரித்த ஓட்டைகள். ஏழு. ஏழு இடத்தில் வானம் தெரிகிறது.

எட்டாவது ஒன்று, மிளகு அளவு. அதில் வெறும் வெளிச்சம்.

*

மூத்தவள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். ஏதோ பழைய ஆங்கிலப் பத்திரிகையின் பக்கம். ஒரு பெண். கையில்லாத மேலங்கி. கழுத்தில் ஒரே பொத்தான். அங்கிருந்து மணி கவிழ்த்ததுபோல் விரிகிறது. ‘இது மாதிரி தைக்க முடியுமாம்மா’ என்று கீழே.

கேப் என்கிறாள். தமிழில் என்ன சொல்வது. யோசித்துக்கொண்டே சாக்பீஸைத் தேடுகிறேன்.

*

குளிர் எப்படி இருக்கும் என்று ஒருமுறை போனில் கேட்டதுண்டு.

‘முதல்ல காதுதான் வலிக்கும்மா.’

காதைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருக்கிறது.

*

விசிறியை நிறுத்தியாயிற்று. ஓடினால் தாள் பறக்கிறது.

கச்சான் காற்று சன்னல் வழியாக வருகிறது, புழுதியோடு. கம்பளிமேல் மெல்லிய மண். தட்டுகிறேன். மறுபடி வந்து உட்காருகிறது.

*

கழுத்துச் சுற்று 16 அங்குலம். 3.14-ஆல் வகுத்தால் 5-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. கழுத்துக்கு 5. அங்கிருந்து இடுப்புக்குக் கீழே வரை 31. கூட்டினால் 36.

நூலின் ஒரு முனையில் குண்டூசி. மறு முனையில் சாக்பீஸ். கம்பளியின் நீள ஓரத்தில் ஊசியைக் குத்தி, நூலை விறைப்பாக இழுத்துச் சுற்றுகிறேன். அரைவட்டம். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு இவ்வளவு பெரிதாக எதையும் வரைந்ததில்லை.

ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 72 அங்குலம். ஆறடி.

ஒரு பாகம்.

*

பாகம் என்பது இங்கே கடலை அளக்கும் அளவு. இரண்டு கையையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால், விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். தாத்தா தரையிலும் அப்படித்தான் அளப்பார். வலையை, பந்தல் கயிற்றை, ஒருமுறை கட்டிலை. சிப்பி கிடக்கும் பார் எட்டுப் பாகம், பத்துப் பாகம் என்பார். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. சொல்லும்போது கை தானாக விரியும்.

கம்பளியின் மேல் குனிந்து என் கையை விரிக்கிறேன். ஒரு சாண் எட்டவில்லை.

*

கத்தரியை வைத்த பிறகும் கை அசையவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே.

*

வெட்டும்போது பருத்தித் துணிக்கு ஒரு சத்தம் உண்டு. கம்பளிக்கு அது இல்லை. சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

*

மார்க்கோ போலோ 1292 வாக்கில் இந்தக் கரைக்கு வருகிறார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் காயல் என்ற பட்டினம். அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய துறை. முத்துக்குளிப்பை அவர் விவரமாகச் சொல்கிறார். நடுவில் ஓர் இடத்தில், இந்த நாட்டில் துணி வெட்டித் தைக்க ஒரு தையற்காரர்கூட இல்லை என்கிறார். எல்லோரும் வெற்றுடம்பு. அரசருக்கும் அரையில் ஒரு துணிதான். மேலே முத்தும் மணியும்.

ஒருவர்கூடவா இல்லை. அவர் கண்ணில் படாமல் எங்காவது ஒரு திண்ணையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்திருப்பார்.

வெட்டிய கம்பளி முழங்காலில் கிடக்கிறது. சிரிப்பு வருகிறது. வெயில் சுவரில் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது.

*

ஜூலை 26. கொடியேற்றம்.

மைக் சத்தம் காற்றில் வருகிறது, அறுபடுகிறது, மறுபடி வருகிறது. வேட்டுச் சத்தத்துக்குப் புறாக்கள் எழும்பி வீட்டுக்கு மேலே ஒரு சுற்று.

தூத்துக்குடிப் பனிமய மாதா. சொரூபம் 1555-இல் கப்பலில் வந்து இறங்கியதாகக் கோயில் மரபு. ஆலயம் பேராலயம் ஆனது 1982-இல். பனியைக் கண்ணால் பார்த்திராத ஊர், பனியின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பனி விழுந்தது ரோமில். நாலாம் நூற்றாண்டு, கோடைகாலம், எஸ்குலின் குன்று. ஒரே இரவில் பனி விழுந்து கோயில் கட்டும் இடத்தைக் காட்டியது என்று கதை. அங்கே இருக்கும் சாந்தா மரியா மஜ்ஜோரேயில் இன்றும் ஆகஸ்ட் 5 அன்று விதானத்திலிருந்து வெள்ளைப் பூவிதழ்களை உதிர்க்கிறார்கள்.

*

இங்கே பனி என்றால் தை மாத விடியல். முதல் பூசைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொள்வார்கள். சைக்கிள் சீட்டைக் கையால் துடைத்துவிட்டு ஏறுவார்கள். அவ்வளவு பனி.

மூத்தவள் போனில் காட்டுகிற வெள்ளைக்கும் அதே சொல்.

பழைய தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல்.

*

இஸ்திரிப் பெட்டி. ஈரத்துணியைக் கம்பளிமேல் விரித்து, பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன். தேய்த்து இழுத்தால் கம்பளி நீண்டுவிடும். வைத்து, எடுத்து, தள்ளி வைத்து.

ஆவி எழும்புகிறது. நனைந்த ஆட்டின் வாசம். அறை முழுக்க ஆடு.

*

உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் படிகிறது. எதிர்த்திசையில் எழும்புகிறது. எழும்பும்போது நிறம் ஒரு சாயல் கறுக்கிறது.

மறுபடி தடவுகிறேன். ஒரு காரணமும் இல்லை.

*

உப்புக் காற்றில் ஊசி நிற்பதில்லை. போன மாதம் வாங்கியதில் பாதிக்குக் கருப்பு பிடித்துவிட்டது. பாட்டி எண்ணெய்த் துணியில் குத்தி வைப்பாள். தேங்காய் எண்ணெய். அவள் தைத்த ரவிக்கைகளில் அக்குளுக்குப் பக்கத்தில் சின்ன எண்ணெய்ப் பொட்டு இருக்கும்.

*

அவளுடைய மெஷின்தான் இது. சிங்கர். கால் மிதி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சுவரில் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளை அடித்தும் மேலே வருகிறது. மிதியின் இரும்புப் பூவேலையில் துரு. எண்ணெய் விட்டால் பழுப்பாகக் கசிகிறது.

ஓடுகிறது.

*

16-ஆம் நம்பர் ஊசி. தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாயிற்று. கழுத்து வளைவு இழுபடாமலிருக்க முதலில் அதைச் சுற்றி ஒரு தையல். பிறகு தோளுக்கு டார்ட். தட்டையாகக் கிடந்த கம்பளி அந்த இரண்டு மடிப்பில் தோள் வைத்துக்கொள்கிறது.

யாருடைய தோளும் இல்லை இன்னும்.

*

நூல்கண்டு, அடர் சாம்பல். லேபிளில் கோட்ஸ்.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே கோரல் மில்லைக் கட்டுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள். கரிசல் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கிய சாலைக்கு கிரேட் காட்டன் ரோடு என்று பெயர் விழுந்தது. இன்று அது வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரர்கள் இன்னும் டபிள்யூ.ஜி.சி. ரோடு என்கிறார்கள். ஹார்வியின் மில்கள் மதுரா மில்ஸ் ஆகி, 1974-இல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. கோட்ஸ் குடும்பத்தின் சொந்த ஊர் பெய்ஸ்லி. மூத்தவள் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தானாம்.

நூல் போய்ச் சேரும் இடம் அவ்வளவு பக்கத்தில் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாபினில் சுற்றுகிறேன்.

*

1908 பிப்ரவரி கடைசியில் அதே கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பது நாள். கூலி கூடியது. ஞாயிறு ஓய்வு வந்தது.

மில் ஓடாத ஒன்பது நாள். ஊருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்.

மிதியை நிறுத்துகிறேன். தெருவில் மீன்காரியின் குரல். சாளை, சாளை. முக்கு திரும்பியதும் அதுவும் இல்லை.

*

லைனிங் வாங்க பஜாருக்கு. கடைக்காரர் கம்பளித் துண்டை விரலால் உருட்டிப் பார்க்கிறார்.

‘யாருக்குக்கா, ஊட்டிக்கா?’

‘அதுக்கும் அந்தாண்டை.’

சாட்டின் இரண்டு மீட்டர் கிழிக்கிறார். சர்ரென்று ஒரே இழுப்பு. பையில் போடும்போது அது தண்ணீர்போல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

*

திரும்பும் வழியில் உப்பளம். அம்பாரம் அம்பாரமாக வெள்ளை. மழைக்கு முன் பனையோலை போட்டு மூடுவார்கள். இப்போது திறந்து கிடக்கிறது. பார்க்கக் கண் கூசுகிறது.

பஸ் நின்ற இடத்தில் வரப்போரம் சிந்திய உப்பைத் தொடுகிறேன்.

சுடுகிறது.

*

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை பள்ளிக்கூடத்தில் படித்தது. மயில் அகவியதைக் குளிர் என்று நினைத்துவிட்டான்.

மார்ட்டின் என்ற ரோமப் படைவீரன். நாலாம் நூற்றாண்டு. அமியேன் நகர வாசலில் துணியில்லாமல் ஒரு பிச்சைக்காரன். மார்ட்டின் தன் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியைத் தருகிறான். அந்த மேலங்கியைப் பின்னால் காத்துவைத்த இடத்துக்கு லத்தீனில் கப்பெல்லா என்று பெயர் வந்தது. சின்ன மேலங்கி. சாப்பல் என்ற சொல் அங்கிருந்து.

பேகன் பாதியாக்கவில்லை. மயிலுக்குக் கழுத்தளவும் எடுக்கவில்லை. அப்படியே மேலே போட்டிருப்பான். எவ்வளவு நேரம் நின்றிருக்கும் அது. ஒரு சிலிர்ப்பு போதும்.

புல்லில் கிடக்கும் போர்வை. கொஞ்ச தூரத்தில் மயில்.

*

ஏழு ஓட்டையும் விலகும்படி அரைவட்டத்தை நகர்த்தி நகர்த்தித்தான் வெட்டியது. மிளகு மாட்டிக்கொண்டது. இடது முன்பக்கம், நெஞ்சுக்கு நேரே.

கம்பளியின் ஓரத்திலிருந்தே ஓர் இழையை உருவுகிறேன். சுருண்டு சுருண்டு வருகிறது. மெல்லிய ஊசியில் கோத்து நெடுக்கே நாலு. பிறகு குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ், நாலு. இழுக்காமல், படுக்கவிட்டு.

தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியவில்லை. விரலுக்குத் தெரிகிறது.

*

காது.

படத்தில் இருப்பவள் தொப்பி வைத்திருக்கிறாள். மூத்தவள் தொப்பி வைக்கமாட்டாள்.

மிஞ்சிய துண்டை மடியில் போட்டு மடிக்கிறேன், பிரிக்கிறேன். இதற்கு அளவுத்தாள் இல்லை. கை தானாக ஒரு மூலையை எடுத்து இன்னொரு மூலைக்குள் செருகுகிறது.

கொங்காணி.

*

மழைக்காலத்தில் சாக்கை அப்படித்தான் போட்டுக்கொள்வது. அடியில் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளினால் தலைக்குக் கூம்பு, முதுகுக்கு மறைப்பு. ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். மழை விட்டதும் உதறினால் மறுபடி சாக்கு. ஆடு மேய்க்கிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள், கடைக்கு ஓடும் பிள்ளை.

தாத்தா வெயிலில் போட்டிருப்பார்.

சிப்பி இல்லாத காலங்களில் சங்கு குளிக்கப் போவார். கரை ஏறி வந்ததும் தோணி நிழலுக்கு ஒதுங்கமாட்டார். நல்ல உச்சி வெயிலில், மணலில், சாக்குக் கொங்காணியோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருப்பார். பல் கிடுகிடுக்கும். எங்களுக்கு அது வேடிக்கை. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று படித்தது ரொம்ப நாள் கழித்து.

இந்த வீட்டில் குளிர் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவரும், கம்பளிக்காரரும்.

*

செருகிய மூலையை அப்படியே வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் தைக்கிறேன். மாமாவின் நீலக் கோடு தலையின் விளிம்பில் வந்து நிற்கிறது. நினைத்துச் செய்ததில்லை.

கழுத்தோடு சேர்க்கும் இடத்தில் நாலு அடுக்கு. மெஷின் முனகி நிற்கிறது. சக்கரத்தைக் கையால் திருப்புகிறேன்.

ஒரு குத்து.

இன்னொரு குத்து.

*

1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இல்லை. பார்களில் சிப்பி அப்படித் திரளவில்லை.

1973-இல் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். உள்ளே ஒரு மணியை வைக்க வேண்டும். மணி மட்டும் வைத்தால் போதாது. இன்னொரு சிப்பியிலிருந்து நறுக்கிய ஒரு துளிச் சதையை அதன்மேல் ஒட்டி வைக்க வேண்டும். ஓட்டின் உள்பக்கத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும் மெல்லிய சதை அது. ஓட்டுக்கு உள்ளே மினுக்கம் பூசுவது அதுதான். அந்தத் துளி மணியைச் சுற்றி வளர்ந்து, மூடி, பூசிக்கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில்.

அந்தச் சதைக்கு ஆங்கிலத்தில் மேண்டில் என்று பெயர். மேலங்கி.

லைனிங்கைக் கம்பளிக்குள் விடுகிறேன். வழுக்கி, தயங்கி, படிகிறது.

*

பொத்தான் ஒன்றே ஒன்று. பழைய சட்டையிலிருந்து வெட்டி வைத்திருந்த சிப்பிப் பொத்தான். இந்தக் கடலின் முத்துச்சிப்பி மெல்லிசு, பொத்தானுக்குக் கனம் காணாது. இது வேறு கடல். சாய்த்தால் பச்சை. இன்னும் சாய்த்தால் ரோஸ். நேரே பிடித்தால் ஒன்றும் இல்லை.

சன்னல், சாவி, அலமாரி, மேசை போலப் பொத்தானும் போர்த்துகீசியர் விட்டுப் போன சொல். காஜாவும் அப்படித்தான் என்பார்கள். பொத்தான் துளைக்கு அவர்கள் மொழியில் காசா. வீட்டுக்கும் அதே சொல்.

நூலை வளைத்து, முடிந்து, வளைத்து, முடிந்து, துளையைச் சுற்றி வருகிறேன். கண் வலிக்கிறது.

*

வட்டத்தில் வெட்டிய துணிக்கு உடனே அடி மடிக்கக் கூடாது. தொங்கவிட வேண்டும். நேர் இழை நின்ற இடத்தில் நிற்கும். சாய்வாக வெட்டுப்பட்ட இடம் தன் கனத்திலேயே மெல்ல இறங்கும். அது இறங்கி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

அலமாரிக் கதவில் மாட்டியிருக்கிறது.

*

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் யாரோ நிற்கிறார்கள்.

பிறகு இல்லை.

*

இறங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் தெரியவில்லை.

*

ஆகஸ்ட் 5. சப்பரம்.

தங்கத்தேர் 2013-இல் ஓடியது, பிறகு 2023-இல். இந்த வருஷம் சப்பரம்தான். தோளோடு தோள். மல்லிகை, மெழுகு, வேர்வை, மிட்டாய்க்கடை எண்ணெய். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைச் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். மரியே வாழ்க என்று ஒரு மூலையில் எழும்பி மறு மூலையில் அடங்குகிறது.

மாடியிலிருந்து யாரோ பூ தூவுகிறார்கள். ஓர் இதழ் முழங்கையில் விழுந்து, ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போதும் அங்கேயே இருக்கிறது.

*

தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளக்கிறேன். நடு முதுகு இறங்கவில்லை. வலது பக்கம் அரை அங்குலம். இடது பக்கம் முக்கால். ஒரே கம்பளி, ஒரே வெட்டு.

இறங்கியதை நறுக்கி எடுக்கிறேன். பிறைபோல் இரண்டு துண்டு. பூனை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு போகிறது.

*

அடி ஓரம் 113 அங்குலம். கையால்தான். ஊசி கம்பளியின் ஓர் இழையை மட்டும் தூக்க வேண்டும். வெளிப்பக்கம் தெரியக் கூடாது.

இன்று 20.

*

22. கரண்ட் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து.

மடிக்குள் சூடு. பாதத்துக்கடியில் கல் குளுமை.

*

இன்று தைக்கவில்லை.

*

17.

துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல். ஊசி நடுவழியில் நிற்கிறது. ஊதல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறது.

*

23. விரல் நுனியில் சின்னச் சின்னக் குத்துகள். சோறு பிசையும்போது ரசம் எரிகிறது.

*

போர்த்திப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் போகவில்லை.

முதலில் கனம். பிறகு தோள் அந்தக் கனத்தை மறக்கிறது. கைகள் உள்ளே தொலைந்துவிட்டன. கம்பளிக்கென்று சொந்தச் சூடு கிடையாது. உள்ளே நிற்கும் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. நிற்கும் காற்று என்னுடைய சூட்டை வாங்குகிறது. கழுத்தின் பின்னால் ஒரு துளி வேர்வை புறப்பட்டு முதுகெலும்போடு இறங்குவது தெரிகிறது.

கொங்காணியைத் தலைமேல் இழுத்துவிடுகிறேன்.

தெரு தள்ளிப்போகிறது. காதுக்குள் மூச்சு. உள்ளே, வெளியே.

*

இன்னும் 31 அங்குலம்.

வெளிச்சம் போதவில்லை. ஊசியைக் கம்பளியிலேயே குத்தி வைத்துவிட்டு சன்னலைத் திறக்கிறேன்.

கச்சான் நின்றிருக்கிறது.